கரையேறிய படகும் கம்பி கழற்றிய கிடாரும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் காசிமேட்டுக்கு வேறு முகம். மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. ஏலச் சத்தம் அடங்கி, சுத்தியல் சத்தம் கேட்கும். கரையேற்றிய படகுகளின் அடியைச் சுரண்டுவார்கள், இடுக்குகளை அடைப்பார்கள், பெயின்ட் அடிப்பார்கள்.

மே மாதச் சனிக்கிழமை ஒன்றில், காலை வெயில் ஏறும் முன்பே ராயபுரத்திலிருந்து பைக்கில் கிளம்பினோம். 1856-ல் திறந்து இன்றும் நிற்கிற ராயபுரம் ரயில் நிலையத்தைத் தாண்டிக் காசிமேடு வந்ததும், பின்னால் இருந்த மகள் கேட்டாள்: ''ஏம்ப்பா எல்லாப் படகும் மேல இருக்கு?''

''ஓடுறப்ப அடிப்பக்கத்தைப் பார்க்க முடியாதுல்ல. இப்பதான் பார்க்க முடியும்'' என்றேன்.

அவள் முதுகில் கிடார். மறுநாள் சர்ச் கொயரில் முதன்முறையாக வாசிக்கப் போகிறாள். கம்பிகள் துருப்பிடித்திருந்ததால் புது செட் வாங்கிக்கொண்டு எண்ணூரில் இருக்கும் என் மாமா வீட்டுக்குப் பயணம். கிடாரே மாமாவுடையதுதான். திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். விரல்கள் மரத்துப்போக, போன வருடம் பேத்திக்கே கொடுத்துவிட்டார்.

எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு பக்கம் கருங்கல் தடுப்பும் கடலும். மறுபக்கம் வரிசையாகக் கன்டெய்னர் லாரிகள். உப்புக்காற்றும் தூசியும் முகத்தில் அப்பின. திருவொற்றியூரில் இருக்கும் திரிபுரசுந்தரி அம்மன் மீது தியாகராஜர் ஐந்து கீர்த்தனைகள் பாடியிருக்கிறார். அவருடைய சீடர் வீணை குப்பய்யரோடும் இந்த ஊருக்குத் தொடர்பு உண்டு. அந்தக் காலத்து வீணைக் கம்பிகளையும் இதே காற்றுதானே தொட்டிருக்கும்!

மாமா வாசலிலேயே நின்றார். ''இன்னா பாப்பா, வெயில்ல வண்டியில வெச்சிட்டு எங்கயும் நிக்கலியே? சூடு ஏறினா பிசின் இளகிடும்.''

புது கம்பியைப் பிரிக்கப்போன மகளைத் தடுத்தார். ''இரு. கம்பி மாத்துற அன்னிக்குதான் கிடாரை முழுசா பார்க்க முடியும்.''

முதலில், பழைய கம்பி இருக்கும்போதே கழுத்தைப் பார்த்தார். தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் 14-வது ஃப்ரெட்டிலும் அழுத்தி, நடுவே 7-வது ஃப்ரெட்டுக்கு மேல் உள்ள இடைவெளியைக் கவனித்தார். ஒரு விசிட்டிங் கார்டு கனம்தான் இருக்கலாமாம். அது சரியாகவே இருந்தது.

பிறகு ஆறு கம்பிகளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக் கழற்றினார். ஃப்ரெட்டுகள் மேல் நகத்தை ஓட்டினார். முதல் மூன்றில் குழி விழுந்திருந்தது. ''துருப்பிடிச்ச கம்பி அரம் மாதிரி. வாசிக்க வாசிக்க ஃப்ரெட்டைத் தேய்ச்சிடும்.'' கீ ஸ்குரூக்களை அளவாக முறுக்கினார். நட்டில் கம்பி உட்காரும் பள்ளங்களைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் துடைத்தார். நடுத் துவாரத்தில் சின்னக் கண்ணாடியை நீட்டி, செல்போன் டார்ச் அடித்து, உள்ளே மரம் விரிந்திருக்கிறதா என்று பார்த்தார்.

கடைசியாகப் பிரிட்ஜ். கம்பிகளின் அடிமுனையைப் பிடித்து வைத்திருக்கும் அந்த மரக்கட்டையின் பின்விளிம்பில், சட்டைப் பையிலிருந்து எடுத்த பஸ் டிக்கெட்டைச் செருகினார். டிக்கெட் உள்ளே போய்விட்டது.

மாமா முகம் மாறியது. ''பிரிட்ஜ் தூக்கிக்கிச்சு மாப்ளே.''

''தாத்தா, நாளைக்கு மட்டும் வாசிச்சிக்கிறேனே... அப்புறம் ஒட்டலாம்.'' மகள் குரல் உடைந்தது.

''ஆறு கம்பியும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ இழுக்கும். ஒரு ஆளே தொங்குற மாதிரி. அது பிச்சிக்கினு வந்தா மேல்பலகையும் கிழிஞ்சி வரும். அப்புறம் இது கிடாரே இல்ல.''

''கடையில உடனே ஒட்டுற பசை இருக்கே, மாமா?'' என்றேன்.

''அதைத் தொட்டுடாதே! பழைய பிசினைச் சுரண்டி எடுத்துட்டு, மரத்துப் பசை வெச்சு, கிளாம்ப் போட்டு ஒரு நாளாவது காய வைக்கணும். இது என் கைவேலையும் இல்ல. கிடார் ரிப்பேர் பண்றவர்கிட்ட கொண்டு போ.'' நாற்பது வருடம் இயந்திரங்களைப் பிரித்து மாட்டியவர் சொன்னது இது.

சாயங்காலம் முகத்துவாரம் வரை நடந்தோம். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடம். எதிர்க்கரையில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். மகள் பேசவே இல்லை. மாமாதான் சொன்னார்: ''நானும் பார்க்காம விட்டவன்தான் பாப்பா. கம்பி அறுந்தா அதை மட்டும் மாத்திட்டு வாசிச்சிக்கினே இருந்தேன். தப்பு என்னுது.''

ஞாயிறன்று அவள் கிடார் இல்லாமல் பாடினாள்.

ஜூன் முதல் வாரம் பிரிட்ஜ் ஒட்டி கிடார் வீடு வந்தது. இப்போதெல்லாம் வாசித்து முடித்ததும் கம்பிகளை உலர்ந்த துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட உறைக்குள் வைக்கிறாள். உறையின் பாக்கெட்டில் அந்தப் பஸ் டிக்கெட்டும் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் ஒரு கிடார் இருந்தால், அடுத்த முறை கம்பி மாற்றும்போது அரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். முக்கியமாக, பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு காகிதத்தைச் செருகிப் பாருங்கள். நுழையாவிட்டால் நிம்மதியாகப் புது கம்பி போடலாம்.