காளையை மாற்றாதவன்

மலடு என்று சொல்லி நான் விற்ற கிடாரிகளில் பல மலடாக இருந்திருக்காது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லவும் எனக்கு வழியில்லை. கால்நடை வளர்ப்பு படித்தவன் நான். ஊர்க்கூட்டங்களில் மைக் பிடித்து, "மூணு வருசத்துக்கு ஒருக்கா பூச்சிக்காளையை மாத்திப்போடுங்க" என்று அடுத்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் பட்டியில் மட்டும் ஒரே காளை வருடக்கணக்கில் நின்றது.

மயிலைக் காளை. கழுத்திலும் திமிலிலும் மை பூசினாற்போல் கருமை ஏறி நிற்கும். காங்கேயம் மாடு பார்க்க வருகிற எவரும் அதன் பக்கத்தில் நின்று படம் எடுக்காமல் போனதில்லை. அக்கம்பக்கத்து மாடுகளும் அதனிடம்தான் வந்தன. ஒவ்வொன்றுக்கும் காசு வாங்கினேன். என் கௌரவமும் சில்லறை வருமானமும் அந்த ஒரு கயிற்றில் கட்டியிருந்தன.

மூன்று வருடக் கணக்கு எளிது. காளையைச் சேர்த்தால் ஒன்பதரை மாதத்தில் கன்று. அந்தக் கன்று கிடாரியாகிப் பருவத்துக்கு வர, நம் காங்கேயத்தில் இரண்டரை, மூன்று வயதாகும். அதற்குள் அப்பன் பட்டியை விட்டுப் போயிருக்க வேண்டும். போகாவிட்டால் மகளையே சேரும். அப்படிப் பிறக்கிற கன்றுக்கு, எந்த மரபணுவை எடுத்துக்கொண்டாலும், ஒரே மூதாதையிடமிருந்து வந்த ஒரே நகல் இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர 25 சதவீத வாய்ப்பு. ஒற்றையாக இருக்கும்வரை வெளியே தெரியாத கோளாறு, இரட்டையானால் தலைகாட்டும்.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா இந்தப் பாடம் எதையும் படித்ததில்லை. ஒருநாள் கிளுவை வேலிக்கு அந்தப்புறம் நின்று கேட்டார்: "ஏன்டா, அப்பனையே மவகிட்ட உடறயே, பொறக்கறது என்னத்துக்கடா ஆகும்?"

"லைன் பிரீடிங்னு பேருங்க பெரியப்பா. அமெரிக்காவுல பண்றாங்க" என்றேன்.

பொய்யில்லை. மொன்டானா மாநிலத்தில் மைல்ஸ் சிட்டி ஆராய்ச்சி நிலையத்தில் ஹெரிஃபோர்டு இறைச்சி மாடுகளை 1934 முதல் வெளிரத்தம் சேர்க்காமல் ஒரே வம்சமாக வளர்த்திருக்கிறார்கள். ஆனால் அங்கே ஒவ்வொரு கன்றின் வம்சமும் எடையும் ஏட்டில் ஏறும். என்னிடம் ஏடே கிடையாது. எது எதன் மகள் என்று என் தலைக்குள் இருந்ததுதான் கணக்கு. அதையும் வசதிப்படி மறந்துகொண்டேன்.

முதலில் கிடாரிகள் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வந்தன. 21 நாளில் வந்தால் சினை பிடிக்கவில்லை என்று விட்டுவிடலாம். சில கிடாரிகள் 35, 40 நாள் சும்மா இருந்துவிட்டுக் கத்தின. கரு தங்கி, பிறகு செத்திருந்தால் இப்படி நாள் தள்ளும். இது பரீட்சைக் கேள்வியாகவே வரும். நான் பார்த்துக்கொண்டே பேசாமல் இருந்தேன். தாது உப்புக் கலவை வாங்கிப் போட்டேன்.

பிறகு ஒரு கன்று பிறந்தது. எல்லாக் காங்கேயம் கன்றையும் போலச் செந்நிறம், எழுந்தும் நின்றது. கீழ்த்தாடை மட்டும் மேல்தாடையைவிட நன்றாகக் குட்டை. காம்பை வாயில் வைத்தால் நாக்கு தேடுகிறது, பிடி கிடைக்கவில்லை. பால் கடைவாய் ஓரமாக வழிந்து என் முழங்கையை நனைத்தது. பாட்டிலில் கறந்து ஊற்றிப் பார்த்தேன். பிழைக்கவில்லை. விசாரித்தவர்களிடம் தாய்க்குச் சத்துக் குறைவு என்றேன். ஒரே ஒரு கன்றை வைத்து இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. அந்தச் சந்தேகத்தின் பின்னால்தான் நான் ஒளிந்துகொண்டேன்.

சினை பிடிக்காத கிடாரிகளைச் சந்தைக்கு ஓட்டினேன். மலட்டுக் கிடாரியை வாங்குகிறவர் அதை எங்கே கொண்டுபோவார் என்பது தெரியும்தானே.

அழகுக்கு மயங்கி இனத்தைக் கெடுத்த முதல் ஆள் நானில்லை. 1940களிலும் 50களிலும் அமெரிக்க ஹெரிஃபோர்டு பண்ணையாளர்கள் குட்டையாக, கட்டுமஸ்தாக இருந்த காளைகளையே தேடித் தேடி வைத்தார்கள். குள்ளத்தன்மை மரபணுவை ஒற்றையாகச் சுமந்த காளைகள் அந்தக் கண்ணுக்கு இன்னும் லட்சணமாகத் தெரிந்தன. அதுவே இரண்டு பக்கமிருந்தும் சேர்ந்தபோது, மூச்சு இரைக்கும் குள்ளக் கன்றுகள் பிறந்தன. பெயர்பெற்ற வம்சங்களே விலைபோகாமல் நின்றன. இதை வகுப்பில் சிரித்துக்கொண்டே படித்தேன்.

கடைசியில் காளைக்குக் கால் நொண்டிப்போய் வேறு வழியில்லாமல்தான், மீதியிருந்த கிடாரிகளுக்கு வேறொரு காங்கேயம் காளையின் உறைவிந்தில் சினை ஊசி போட வைத்தேன். அநேகமாக எல்லாமே பிடித்தன. அதன் பிறகும் பெரியப்பாவிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது அவர் இல்லை.

என்னிடம் கன்று வாங்கியவர்கள் சுற்றுவட்டாரத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். பெரும்பாலானவை அந்த ஒரே காளையின் வித்து. ஒருவர் வீட்டுக் காளையை இன்னொருவர் வீட்டுக் கிடாரியோடு சேர்த்துவிடாதீர்கள். அப்பன் வழியில் அவை அண்ணன் தங்கை. எந்தக் கன்று எந்த மாட்டுக்குப் பிறந்தது என்று கேட்டு வாருங்கள், நினைவில் உள்ளவரை எழுதித் தருகிறேன். மலடு என்று யாராவது ஒரு கிடாரியை விற்க நினைத்தால், அதற்கு முன்னால் ஒருமுறை காளையை மாற்றிப் பாருங்கள்.