கருடக்குஞ்சின் முதற்பறப்பு

திருக்கோயிற் குடமுழுக்கு நிகழுங்கால், கலசத்தின்மேல் நீர் சொரியப்படும் முன்னர், கூடிநிற்கும் அடியார் அனைவரும் அண்ணாந்து வானத்தையே நோக்கி நிற்றல் யாவரும் கண்டதே. கருடன் வட்டமிடுதல் வேண்டும் என்பது நம் நாட்டார் பலர்தம் நம்பிக்கை. வெண்மையான தலையும் மார்பும், செங்கற்போற் சிவந்த சிறகும் உடைய அப்பறவை தோன்றியவுடன் எழும் ஆரவாரம் சொல்லுந்தரத்ததன்று. ஆயினும், அங்ஙனம் கைகுவிப்போருள் அதன் குஞ்சினைக் கண்டோர் எத்துணையர்? கண்டிருப்பினும் அதுவே கருடன் என்று அறிந்திரார். என்னை? குஞ்சு செம்மையும் வெண்மையும் இன்றி மண்ணிறமாய், ஊர்ப்பருந்து போலவே தோன்றும். வால்நுனி பிளவுபடாது வட்டமாயிருத்தலே அதனைப் பிரித்தறிதற்குரிய சிறந்த அடையாளம். பெற்றோரின் நிறம் அதற்கு முற்றும் வாய்த்தற்கு ஈராண்டு மூவாண்டு செல்லும்.

திருக்கழுக்குன்றத்தில் நண்பகற்பொழுதிற் பொங்கலுண்ண வந்த கழுகுகளும் இத்தன்மையனவே. மஞ்சள் முகமும் வெண்சிறகுமாய் அவை பாறைமேல் இறங்கியதைத் தரிசித்தோர் பல்லாயிரவர். ஒளிப்படம் எடுத்தோரும் பலர். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வருகை நின்றுபோயிற்று. அவ்வினத்தின் இளம்பறவை கரும்பழுப்பாய் இருந்து, ஏறத்தாழ ஐந்தாண்டு கழித்தே வெண்மை பெறும். வெண்மையை வணங்கியோர் அதற்கு முன்னிருந்த நிறத்தை நினைந்திலர். இது நிற்க.

கடலூருக்கு மேற்கே, நெல்லிக்குப்பத்தை அடுத்து, தென்பெண்ணையாற்றின் தென்புறத்தே அமைந்தது மேல்பட்டாம்பாக்கம். மேற்கே திருவதிகையும் கிழக்கே திருப்பாதிரிப்புலியூருமாக, திருநாவுக்கரசு சுவாமிகள் திருவடி தோய்ந்த நிலம் அது. நாற்புறமும் கரும்புக்கொல்லை. அவ்வூரிலே தமிழாசிரியராயிருந்து ஓய்வுற்ற அன்பர் ஒருவர், வாரந்தோறும் சிலரைக் கூட்டிச் சித்தாந்த நூல்களைப் பாடஞ்சொல்லி வந்தார். பக்குவம் என்னும் சொல்லை விளக்குவதில் அவர்க்கு ஒரு தனி மகிழ்ச்சி. மாவும் பலாவும் காட்டி, தானே கனிதலுக்கும் புகையிட்டுப் பழுக்கவைத்தலுக்கும் உள்ள வேற்றுமையை முப்பது ஆண்டுகளாக எடுத்துரைத்தவர். மகன் வாங்கித்தந்த காமிராவும் அதற்குரிய 400 மில்லிமீட்டர் நெடுவில்லையும் முதுமையில் அவரைப் பற்றிய இரண்டாம் பித்து.

ஆற்றங்கரையில் ஓர் அரசமரம் நின்றது. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-இல் கடலூர்ப் பகுதியைச் சூறையாடிய தானே புயலில் பலாவும் முந்திரியும் எண்ணிறந்தன வீழவும், கிளையிரண்டை மட்டும் இழந்து அது தப்பியது. அதன் உச்சிக்கவட்டில், சுள்ளியும் கந்தலும் காய்ந்த சேறும் கொண்டு கருடப்பறவை இரண்டு தைத்திங்களிற் கூடு சமைத்தன. ஏறக்குறைய 27 நாள் அடைகாத்த பின்னர்க் குஞ்சு பொரித்தமை, பெற்றோர் மீனும் நண்டும் தவளையும் கொணர்ந்தமையால் புலனாயிற்று. கீழிருந்து காணத்தக்க தலை ஒன்றே. இக்குஞ்சுகள் கூட்டைவிட்டு நீங்குதற்கு 40 முதல் 56 நாள் வரை ஆகும். அதனை அன்பர் நூல்களில் அறிந்து நாட்களை எண்ணலாயினார். அவர் விரும்பியது ஒரே படம்: கூட்டினின்று காற்றில் முதன்முதற் காலெடுக்கும் அக்கணம்.

பறவைக் கூட்டை அதன் இயல்பிடத்திலேயே படமாக்கும் கலையை இங்கிலாந்தில் 1890-களில் வளர்த்தோர் ரிச்சர்டு கீர்ட்டன், செரி கீர்ட்டன் என்னும் உடன்பிறந்தார். அந்நாட்டு எரிக் ஹாஸ்கிங் என்பார் 1937-இல் ஆந்தைக் கூட்டொன்றைப் படமெடுக்கப் புக்கு, அவ்வாந்தையின் உகிரால் ஒரு கண்ணை இழந்தார். நம்மவருள் நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனார் மா. கிருஷ்ணன் (1912–1996) தம் வாழ்நாளைக் காட்டுயிர்ப் படங்களுக்கும் அவைபற்றிய கட்டுரைகளுக்குமே ஈந்தார். பறவைகளின் முட்டையையும் கூட்டையும் குலைத்தலை 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையாகவே கருதுகின்றது. இவையெல்லாம் அவ்வன்பர் அறியாதன அல்ல. மரத்தினின்று அறுபது அடி தொலைவிற் கிடந்த பனங்கட்டை ஒன்றைத் தமக்கு எல்லையாக வகுத்து, அதனைக் கடவாதிருந்தார்.

ஆறாம் வாரத்திற் குஞ்சு கூட்டின் விளிம்பில் ஏறிக் காற்றுக்கு எதிரே சிறகு விரித்து நின்றது. கால் ஒரு சாண் மேலெழும்; உடனே அஞ்சிக் கூட்டிற் பதுங்கும். ஏழாம் வாரத்தில் ஒரு புதுமை. மீனொடு வந்த தாய் கூட்டிற்கு வாராது, எதிர்க்கிளையில் அமர்ந்து, குஞ்சு பார்த்திருக்கவே அம்மீனைக் காலிடுக்கி வாளா இருந்தது. குஞ்சு கதறிற்று. தாய் அசையவில்லை. ஒரு நாழிகை கழித்து மீனொடு பறந்தே போயிற்று. அன்பர்க்கு மனம் பொறாது, அங்கே ஆடு மேய்த்திருந்த முதியவரிடம், “பெற்றதற்கு இரக்கம் இல்லையே!” என்றார்.

“ஐயா, ஊட்டிக்கொண்டே இருந்தால் அது எப்போது இறங்கும்?” என்றார் முதியவர். சிவத்தின் மறைப்பும் அருளே என்று வாரந்தோறும் பாடஞ்சொன்னவர்க்கு அச்சொல் ஆடு மேய்ப்பவர் வாயிலாக வந்தது.

பங்குனித் திங்களில் அவர் சிதம்பரத்தில் உள்ள மகள் வீட்டிற்குச் செல்லவேண்டியிருந்தது. திரும்ப ஒருவாரம் ஆகும். அதற்குள் குஞ்சு பறந்துவிடுமே என்னும் எண்ணம் அவரை அரித்தது. புறப்படுதற்கு முன்னாட் காலையில், வெயில் நன்கு விழும் பக்கத்தை நாடி, பனங்கட்டையைக் கடந்தார். பத்தடி, இருபதடி, முடிவில் மரத்தின் அடிக்கே சென்றார். கைதட்டவில்லை, கல்லெறியவில்லை. சருகு மட்டும் காலடியில் நொறுங்கியது. பெற்றோர் இரண்டும் வீறிட்டன. குஞ்சு கூட்டோடு ஒட்டிப் படுத்தது. பின்னர்த் திடுமென எழுந்து பாய்ந்தது.

நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரமே ஒளிபுகும் அக்கருவி, இரண்டு நொடியில் இருபது படம் எடுத்தது. குஞ்சு சாய்ந்தபடியே சரிந்து, வெட்டிய கரும்புக்கட்டைகளினிடையே விழுந்தது. காக்கைகள் சூழ்ந்தன.

அன்பர் கருவியைக் கீழே வைத்துவிட்டு ஓடினார், பாதியில் நின்றார். தாம் அணுகின் பெற்றோர் அணுகா என்பது அப்போதேனும் நினைவிற்கு வந்தது. ஆயமுதியவரும் அவரும் எட்ட நின்றே காக்கையை ஓட்டினர். தாய்ப்பறவை பாய்ந்து பாய்ந்து எஞ்சியவற்றைத் துரத்தியது. உச்சிவேளைக்குக் குஞ்சு கால்களால் நடந்து, வரப்போரத்து நுணாவின் தாழ்கிளையில் உகிர்பற்றி ஏறியது. அவ்விரவில் நாயும் நரியும் வருமோ என்று அன்பர் வரப்பின் மறுகோடியில் விளக்கின்றிக் குந்தியிருந்தார். சிதம்பரப் பயணம் நின்றது. மகள் தொலைபேசியிற் காரணம் வினவியபோது, உடம்பு சரியில்லை என்று பொய் சொன்னார்.

மறுநாள் இரவு படங்களைக் கணிப்பொறியில் இட்டுப் பார்த்தார். பத்தொன்பது பயனற்றவை. ஒன்று மட்டும் எவரும் எடுத்தற்கரியது: சிறகு முழுதும் விரிய, ஒவ்வோர் இறகினூடும் காலை வெயில் ஊடுருவ, விண்ணில் மிதப்பதுபோன்ற தோற்றம். அதனைப் பெரிதாக்கினார். சிறகோரத்து நெடிய இறகுகளின் அடியில் நீலம்பாய்ந்த உறை இன்னும் கழலவில்லை. வளரும் இறகின் தண்டில் குருதி ஓடிக்கொண்டிருக்கும்; அது வற்றி உறை உதிர்ந்து தண்டு இறுகிய பின்னரே இறகு உடலின் முழுச்சுமையைத் தாங்கும். அப்படத்தில் இருந்தது பறத்தல் அன்று, அச்சம். கழுத்தும் கண்ணும் பின்னோக்கியிருந்தன, மரத்தடியில் நின்றவரை நோக்கி.

அவ்வாரப் பாடத்தில் பக்குவத்தைப் பற்றிய பகுதியே வந்தது. அன்று அவர் பொருள் சொல்லவில்லை. மாணாக்கருள் ஒருவரை வாசிக்கப் பணித்துக் கேட்டிருந்தார்.

பெற்றோர் நுணாக்கிளைக்கே உணவு கொணர்ந்தன. பதினோராம் நாட் காலை, ஆற்றின் அக்கரைப் பனையில் தாய் மீனொடு அமர்ந்து கத்தியது. குஞ்சு காற்றை நோக்கித் திரும்பியது, சற்றே குனிந்தது, எழுந்தது. மணற்பரப்பின்மேல் சிறகடித்துச் சென்று, பனையை அடைந்தும் அமரத் தெரியாமல் மட்டையில் மோதி வழுவி, மீண்டும் வட்டமிட்டு வந்து மூன்றாம் முறை பற்றிக்கொண்டது. எழுதலினும் இறங்கியமர்தல் இளம்பறவைக்கு அரிது. அன்பர் பனங்கட்டைக்கு இப்பாலே, கருவியை உறையிலிருந்து எடாமலே இருந்தார். நான்கு நாள் சென்றபின் அக்குஞ்சு பனைமட்டையில் அமர்ந்திருக்கும் படம் ஒன்றை இக்கரையினின்றே எடுத்தார். தொலைவினால் உருவம் சிறிதாக விழுந்தது.

நண்பர்கள் முதற்படத்தைக் கண்டு வியந்து, போட்டிக்கு அனுப்புமாறு வற்புறுத்தினர். கூட்டருகே எடுத்த படங்களைப் பறவை ஆர்வலர் கழகங்கள் பல இக்காலத்து ஏற்பதில்லை என்று கூறி மறுத்தார். காரணம் அது மட்டும் அன்று. மற்றதனை அவர் எவரிடமும் கூறிற்றிலர், முதியவர் ஒருவரே அறிவர்.

அவ்வாண்டு அண்டையூர்க் கோயில் ஒன்றிற் குடமுழுக்கு நிகழவிருந்தது. விழாமலரின் முகப்பிற்குக் கருடன் படம் ஒன்று வேண்டுமென்று திருப்பணிக்குழுவினர் அவரை அணுகினர். அவர் பனைமட்டைப் படத்தைக் கொடுத்தார். இரண்டு நாளில் அது திரும்பிவந்தது.

“ஐயா, இது கருடன் அன்று, ஊர்ப்பருந்து” என்றனர் வந்தோர்.

அன்பர் வாலின் வட்டத்தை விரலால் தொட்டுக் காட்டினார். அவர்கள் நம்பவில்லை. வேறெவரோ எடுத்த செஞ்சிறகுப் படம் ஒன்று மலரின் முகப்பில் வந்தது.