லாட்ஜ் வைஃபையும் முரண்டு பிடிக்கும் பிரவுசரும்

மதுரை ரயில் நிலையத்துக்கு எதிர்ச்சந்தில் ஒரு லாட்ஜ். வரவேற்பு மேசைக்கு மேலே ஏ4 தாளில் அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள்: "வைஃபை இலவசம். பாஸ்வேர்டு கிடையாது. ரூம் நம்பர், மொபைல் நம்பர், ஓடிபி போதும்." பாஸ்வேர்டு இல்லையென்றால் காற்றில் போகும் தகவலுக்குப் பூட்டு இல்லை. பூட்டு வேண்டுமானால் பிரவுசர்தான் போட வேண்டும். அது எவ்வளவு தூரம் போடுகிறது என்று பார்க்கத்தான் போனும் லேப்டாப்புமாக சோபாவில் உட்கார்ந்தேன்.

போனில் சிக்கலே இல்லை. இணைந்த கையோடு ஆண்ட்ராய்டு கூகுளின் சோதனை முகவரி ஒன்றைத் தட்டிப் பார்க்கிறது. 204 என்ற வெற்றுப் பதில் வந்தால் இணையம் உண்டு. வேறேதாவது வந்தால் நடுவில் லாகின் பக்கம் மறிக்கிறது என்று புரிந்துகொண்டு, அதைத் தானே திறந்து காட்டுகிறது. ஆண்ட்ராய்டு 10 முதல், போனின் அடையாள எண்ணான உண்மையான மேக் முகவரியும் வெளியே போவதில்லை; பொய் முகவரிதான் போகிறது. என்ன பிரயோஜனம்? போன் நம்பரையே கொடுத்துவிட்டோமே!

லேப்டாப்பில்தான் கூத்து. 2020 நவம்பரில் பயர்பாக்ஸ் கொண்டுவந்த 'ஹெச்டிடிபிஎஸ் மட்டும்' என்ற முறையை, அதாவது பூட்டுப் போட்ட பக்கங்களை மட்டும் கேட்காமல் திறக்கும் முறையை, எப்போதும் போட்டு வைத்திருப்பேன். லாகின் பக்கம் வரவே இல்லை. மேசையில் இருந்தவர் நிமிராமலே சொன்னார்: "கூகுள் ஓப்பன் பண்ணுங்க சார், பேஜ் தானா வரும். ஏதாச்சும் வார்னிங் வந்தா, அட்வான்ஸ்டுன்னு இருக்கும், அதை அமுக்கிப் போயிருங்க."

ஆபத்து இந்த யோசனையில்தான் இருக்கிறது. கூகுளைத் திறந்தால் லாட்ஜின் ரவுட்டர் இடையில் புகுந்து கூகுளாகவே பதில் சொல்லப் பார்க்கிறது. சான்றிதழ் பொருந்தாது, பிரவுசர் அலறுகிறது. ரவுட்டருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் கெட்ட எண்ணத்தோடு ஒருவன் இதைச் செய்தாலும் திரையில் வருவது இதே எச்சரிக்கைதான். அமுக்கிப் பழகிய விரலுக்கு வித்தியாசம் தெரியுமா? ஜிமெயில், பேஸ்புக் போன்ற தளங்களில் இந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போகும் வழியையே அடைத்துவிட்டார்கள். நல்ல வேலை.

பூட்டே இல்லாத பக்கம் ஒன்றை வேண்டுமென்றே திறப்பதுதான் முறை. நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் இதற்கென்றே இருக்கிறது. அடித்தேன். பயர்பாக்ஸ் அப்போதும் தடுத்தது, ஆனால் இது வேறு தடுப்பு: பாதுகாப்பான தளம் கிடைக்கவில்லை, ஹெச்டிடிபியில் தொடரலாமா என்று அனுமதி கேட்கிறது. ரகசியம் எதுவும் இல்லாத பக்கத்துக்குத் தாராளமாகச் சரி சொல்லலாம். சொன்னேன், லாட்ஜின் பக்கம் வந்து நின்றது.

பக்கத்தில் தேர்வெழுத வந்த பெண். "அண்ணே, லாகின் ஆகியும் எனக்கு எதுவும் ஓப்பன் ஆகலை." போனை வாங்கிப் பார்த்தால், தளத்தின் பெயருக்கு முகவரி கேட்கும் பிரைவேட் டிஎன்எஸ் இடத்தில் விளம்பரம் தடுக்கும் சர்வர் ஒன்றின் பெயர். யாரோ யூடியூபில் சொன்னார்களாம். பெயர் போட்டுவிட்டால் ஆண்ட்ராய்டு வேறு யாரிடமும் முகவரி கேட்காது. லாட்ஜ் நெட்வொர்க்கில் அந்த வழி அடைபட்டிருந்தது போலும். 'தானியங்கி' என்று மாற்றியதும் ஹால்டிக்கெட் இறங்கியது.

தானியங்கியில், முடிந்தால் ரகசியமாகக் கேட்கும், முடியாவிட்டால் வெளிப்படையாகக் கேட்கும். கறார் பேர்வழிகள் இதைக் கேலி செய்வார்கள். என் கட்சி வேறு: ஆத்திரத்தில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மறந்துபோவதைவிட இது மேல். வெளிப்படையாகக் கேட்டால் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது லாட்ஜுக்குத் தெரியும். உள்ளே என்ன படித்தோம், என்ன பாஸ்வேர்டு கொடுத்தோம் என்பது தெரியாது. 2010இல் பயர்ஷீப் என்ற பிரவுசர் நீட்சி வந்தபோது நிலைமை அப்படி இல்லை. தளங்கள் லாகினுக்கு மட்டும் பூட்டுப் போட்டுவிட்டு, லாகின் ஆனவர் இவர்தான் என்று காட்டும் குக்கீயைத் திறந்தபடி அனுப்பியதால், பக்கத்து மேசைக்காரரின் பேஸ்புக்கில் யாரும் நுழைய முடிந்தது.

வெளியூர் கிளம்புமுன் நெவர்எஸ்எஸ்எல் முகவரியை புக்மார்க் செய்துகொள்ளுங்கள். சான்றிதழ் எச்சரிக்கை வந்தால், மேசைக்காரர் என்ன சொன்னாலும் அமுக்காதீர்கள். மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளுங்கள்.