வடிகாற் சேறு

வடிகாலைக் குறித்து எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று நேயர்கள் வினவக்கூடும். தோட்டத்து மக்களுக்கு அது கொசு வாழுமிடம். நகரத்தாருக்கோ மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்குமிடம். ஆயினும், வடிகால் வெட்டிய கூலியில் வளர்ந்தவன் யான். அதைப்பற்றி நாலு வார்த்தை சொல்ல எனக்கு உரிமை உண்டு.

என் தந்தையார் செம்பனைத் தோட்டமொன்றில் வடிகால் வேலை செய்தவர். மரங்களுக்கு உரம் தூவிய இரண்டொரு நாளில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். சில நாட்களில் வடிகால் நீர் பாசி படர்ந்து பச்சையாகிவிடும். “உரத்தின் விலையும் தூவியவன் கூலியும் ஆற்றுக்குப் போகிறது” என்பார் அவர். எழுத்தறியாத அவர் கண்ணாற் கண்டதன் காரணத்தைப் பிற்காலத்தில் யான் நூல்களிற் கற்றேன்.

யூரியா உரத்தை மண்ணிலுள்ளவை முதலில் அம்மோனியமாக்குகின்றன. பிறகு வேறுசில நுண்ணுயிர்கள் அதனை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இவற்றைப் பிரித்தெடுத்துக் காட்டியவர், 1890ஆம் ஆண்டையொட்டி ஆராய்ந்த ருஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி. அம்மோனியத்தைக் களிமண் பற்றிக்கொள்ளும். நைட்ரேட்டை அவ்வாறு பற்றிக்கொள்வதில்லை. ஆதலின் அது மழைநீரில் கரைந்து ஓடிவிடுகிறது. பாஸ்பரச் சத்தோ மண்துகளை ஒட்டிக்கொண்டு, அரித்தோடும் மண்ணுடன் செல்கிறது.

அவ்வாறு ஓடிவரும் நைட்ரேட்டை வழிமறிப்பவை வடிகாலின் அடிச்சேற்றில் வாழும் நுண்ணுயிர்களே. அங்கே காற்றுப் புகுவதில்லை. ஆகவே அவை நைட்ரேட்டிலுள்ள பிராணவாயுவைக் கொண்டு சுவாசித்து, நைட்ரஜனின் பெரும்பகுதியை வாயுவாக்கி வானத்திற்கே அனுப்பிவிடுகின்றன. மட்கிய இலைதழையே அவற்றின் உணவு. கரைப்புல்லும் நீர்ப்பூண்டும் ஓட்டத்தைத் தணித்து, வண்டலைப் படியவைத்து, அவற்றிற்கு வேலை செய்ய அவகாசம் தருகின்றன.

இதனை அறியாத மேலதிகாரி ஒருவர், புல் ஒன்றும் நிற்கலாகாது, அடிமண் தெரியச் சுரண்டு என்று ஏவுவார். சுரண்டிய வடிகால் கண்ணுக்கு அழகாய்த்தான் இருக்கும். ஆனால் அடுத்த மழையில் கரை இடியும்; மண்ணும் உரமும் தடையின்றி ஓடும். இடிந்த மண்ணை வாரி இறைக்க மறுபடியும் என் தந்தையாரே இறங்குவார்.

வடிகாலைத் தூர்வாராவிடில் கொசு பெருகாதோ என்று கேட்பது நியாயமே. 1901ஆம் ஆண்டில் கிள்ளானில் மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடியச் செய்து மலேரியாவை ஒடுக்கியதை இந்நாட்டார் மறக்கலாகாது. வீடுகளுக்கருகில் நீர் தேங்கவே கூடாது. யான் சொல்வது வயற்புற வடிகாலை. அங்கும் நீர் தேங்கவேண்டுமென்பதன்று, மெல்ல ஓடவேண்டுமென்பதே.

செய்யவேண்டியவை அரியனவல்ல. பெருமழை வரும் அறிகுறி தோன்றினால் உரமிடுதலை ஒத்திவைத்தல். கரைப்புல்லை வேரோடு களையாது விடுத்தல். வடிகால் முழுவதையும் ஒரே சமயத்தில் தூர்வாராமல் பகுதி பகுதியாக வாருதல். வாரிய வண்டலை நீரோரத்தில் குவியாது மரத்தடிக்குக் கொண்டுசெல்லுதல். மரங்களினிடையே பயற்றினக் கொடிகளைப் படரவிட்டு மண்ணைக் காத்தல் ஆகிய இவையே.

இது தோட்டத்தாரின் இலாப நட்டக் கணக்கு மட்டுமன்று. வடிகால் சென்று சேரும் ஆற்றையும் கிணற்றையும் நம்பி மக்கள் வாழ்கின்றனர். குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருத்தலாகாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அது மிகுந்த நீரிற் கரைத்த புட்டிப்பாலைக் குடிக்கும் பச்சிளங்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்கும். உடல் நீலம் பாயும். பணமுள்ளவர் வேறு நீர் வாங்குவர். ஏழை எங்கே செல்வான்?

தோட்டத்துத் தோழர்களே! மண்வெட்டி உங்கள் கையில் இருக்கிறது. எதனை வாரவேண்டும், எதனை விடவேண்டும் என்பதை அறிந்து வேலை செய்யுங்கள். ஏவுகிறவருக்கும் அதனைத் தயங்காது எடுத்துரையுங்கள்.