1/2 என்றால் ஒன்று அல்லது இரண்டு அல்ல



இதை எழுதுவதா வேண்டாமா என்று ரெண்டு கிழமையாக யோசித்தேன். என்ட பிழையை நானே ஊருக்குச் சொல்கின்ற கதை இது. ராத்தாட மகள்தான், "எழுதுங்க சாச்சி, இன்னொரு புள்ளைக்கு இப்படி நடக்கப்படாது" என்றாள். அவளுடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

மகளுக்கு வயது 19. மெலிந்த உடம்பு, 42 கிலோதான் இருப்பாள். படிப்புக்காக எங்கட வீட்டில் தங்கியிருக்கிறாள். ஒரு வெள்ளிக்கிழமை பகல் வலீமாச் சாப்பாடு சாப்பிட்டு வந்தவளுக்கு அஸருக்குப் பிறகு சத்தி தொடங்கியது. ஏழெட்டுத் தரம் எடுத்து ஓய்ந்துபோனாள். பின்னேரம் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். பார்த்துவிட்டு, சத்தியை நிறுத்தும் குளிசை எழுதித் தந்தார். மெட்டோகுளோப்ரமைட், 10 மில்லிகிராம்.

குளிசை கட்டித் தந்தவர் கவரில் எழுதிக்கொண்டே ஏதோ விளக்கம் சொன்னார். அந்த நேரம் பார்த்து எனக்கு ஒரு கோல். காதில் போனை வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து கவரைப் பார்த்தால் 1/2 என்று எழுதி, ஒரு நாளைக்கு மூன்று வேளை என்று இருந்தது. "ஒன்று அல்லது இரண்டு" என்று விளங்கிக்கொண்டேன். தரம் 5 பிள்ளைகளுக்குப் பின்னம் படிப்பிக்கிற டீச்சர் நான். கரும்பலகையில் ஆயிரம் தடவை எழுதிய அரையை, பதற்றத்தில் என்னால் வாசிக்க முடியவில்லை.

இரவு 8 மணிக்கு ஒன்று கொடுத்தேன். கால் மணித்தியாலத்தில் சத்தியோடு போய்விட்டது. மருந்து வீணாகிவிட்டது என்று உடனே இன்னொன்று கொடுத்தேன். விடிய 6 மணிக்கு, இன்னும் குமட்டுகிறது என்றதும் ரெண்டு. பகல் 1 மணிக்கு மறுபடியும் ரெண்டு. அதற்குள் மூன்று அரை, அதாவது 15 மில்லிகிராம் எடுத்திருக்க வேண்டியவளுக்கு நான் 60 கொடுத்திருக்கிறேன்.

அஸர் நேரம். அறையில் இருந்து ஒரு மாதிரிச் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் மகளின் கழுத்து ஒரு பக்கம் முறுக்கித் திரும்பியிருக்கிறது. கண் ரெண்டும் மேலே செருகியிருக்கின்றன. நாக்கு வெளியே தள்ளுகிறது, தாடை இறுகிக் கிடக்கிறது. பேச முடியவில்லை. ஆனால் நினைவு இருந்தது, கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. அந்தக் கண்ணீரை நான் மௌத்தாகும் வரைக்கும் மறக்க மாட்டேன்.

மாமி பார்த்ததும் அலறிவிட்டா. "நேத்து மஃரிப் நேரம் புளியமரத்தடியால வந்தவள்தானே, இது ஜின்ட வேலைதான்" என்றா. பக்கத்து வீட்டாரும் வந்து அதையேதான் சொன்னார்கள். ஓதிப் பார்ப்பதற்கு ஹஸரத்தைக் கூட்டிவர ஆள் போய்விட்டது. எனக்கும் கை கால் ஓடவில்லை.

அந்த ஹஸரத்துக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளைக் கொடுக்க வேண்டும். வந்து, நின்றபடியே ஓதி ஊதினார். பிறகு என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "புள்ளைக்கு நேத்தும் இண்டைக்கும் என்ன மருந்து குடுத்த?" சொன்னேன். "அப்ப முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. குளிசையையும் எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார்.

அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்த இளம் டொக்டர், குளிசையையும் மகளின் கழுத்தையும் பார்த்தார். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. ஒரு ஊசி போட்டார். பத்துப் பதினைந்து நிமிடத்தில் கழுத்து இளகி, கண் இறங்கி, "சாச்சி" என்று கூப்பிட்டாள். அல்ஹம்துலில்லாஹ். திரும்பவும் வரலாம் என்று ஒரு இரவு வைத்திருந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்கள்.

டொக்டர் விளங்கப்படுத்தியது இதுதான். மூளையில் டோபமைன் என்று ஒரு பொருள் இருக்கிறது. சத்தியைத் தூண்டுகிற இடத்தில் அதன் வேலையைத் தடுத்துத்தான் இந்தக் குளிசை சத்தியை நிறுத்துகிறது. ஆனால் தசைகளின் அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதிக்கும் அதே டோபமைன்தான் தேவை. அங்கேயும் தடை விழுந்தால் கழுத்து, கண், நாக்கு, தாடையில் உள்ள தசைகள் தம் பாட்டில் முறுக்கிக்கொள்ளும். பிள்ளைகளுக்கும் இளம் வயதினருக்கும், அதிலும் பெண்பிள்ளைகளுக்கு, இது கூடுதலாக வரும். பெரும்பாலும் மருந்து தொடங்கி முதல் ஓரிரு நாளுக்குள் வரும். அளவு கூடினால் ஆபத்தும் கூடும். சரியான அளவு எடுத்தவருக்கும் சிலவேளை வரலாம். உரிய மருந்து கொடுத்தால் சீக்கிரம் மாறிவிடும்.

ஜின்களை நாங்கள் ஈமான் கொண்டிருக்கிறோம். அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அன்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை எத்தனை மணித்தியாலம் அப்படியே துடித்திருப்பாள்? பிறகு ஊர் அவளுக்கு என்ன பெயர் வைத்திருக்கும்? நாளைக்கு அவளுக்குக் கலியாணம் பேச வருகிறவர்களிடம் என்ன கதை போயிருக்கும்? ஓதுங்கள், துஆக் கேளுங்கள். அதோடு மருந்துக் கவரையும் கையில் எடுங்கள்.

நான் பட்டுப் படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

1. குளிசை வாங்கும்போது போனை வையுங்கள். பெயர் என்ன, எத்தனை, எத்தனை மணித்தியாலத்துக்கு ஒரு தரம், எத்தனை நாள் என்று கேட்டு, நீங்கள் விளங்கியதைத் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். கவரில் மருந்தின் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

2. குளிசை சத்தியோடு போய்விட்டாலும் உடனே இன்னொன்று கொடுக்காதீர்கள். மெட்டோகுளோப்ரமைட் என்றால் ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் இடையில் குறைந்தது 6 மணித்தியாலம் இருக்க வேண்டும். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது, 5 நாளைக்கு மேல் தொடரவும் கூடாது. மெலிந்தவர்களுக்கு அளவு இன்னும் குறைவு.

3. வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் குளிசையைப் பிள்ளைகளுக்கு உடைத்துக் கொடுக்காதீர்கள். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு இது கொடுக்கவே கூடாது.

4. வலிப்பு, பார்கின்சன், சிறுநீரக நோய் உள்ளவர்கள், மனநல மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் டொக்டரிடம் அதை முதலிலேயே சொல்ல வேண்டும்.

5. டொம்பெரிடோன் வேறு மருந்து. சாப்பாட்டுக்கு முன் எடுப்பது. இதய நோய் உள்ளவர்கள் கவனம். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், புளுகொனசோல் போன்றவற்றோடு சேர்த்து எடுத்தால் இதயத் துடிப்பைக் குழப்பலாம்.

6. சத்தி நின்றாலும் உடம்பில் இழந்த நீர் திரும்பி வராது. ஜீவனியைப் பக்கட்டில் சொன்ன அளவு கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து, மிடறு மிடறாகக் கொடுங்கள். 24 மணித்தியாலம் கழிந்தால் மிச்சத்தை ஊற்றிவிடுங்கள்.

7. காய்ச்சலோடு விடாமல் சத்தி வந்தால் டெங்குவாகவும் இருக்கலாம். வீட்டில் குளிசை கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். சத்தியில் இரத்தம், கடும் வயிற்று வலி, சிறுநீர் போகாமல் இருப்பது, நினைவு தடுமாறுவது, இவற்றில் எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு அடியுங்கள்.

மகள் இப்போது சுகம். நான் கிச்சனுக்குள் ஏதாவது அளந்து போடப் போனால், "சாச்சி, அரையா, ஒண்டா ரெண்டா?" என்று கேட்டுச் சிரிக்கிறாள். நானும் சிரிக்கிறேன். ஆனால் அந்தக் கவர் இன்னும் என்ட ஹேன்ட்பேக்கில்தான் இருக்கிறது. போன கிழமை பின்னப் பாடம் எடுக்கும்போது அதைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். "இதை எப்படி வாசிப்பீர்கள்?" என்று கேட்டேன். முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை சொன்னாள்: "அரை, டீச்சர்."

அல்லாஹ் எல்லோருக்கும் பூரண சுகத்தையும் நல்ல விளக்கத்தையும் தருவானாக. ஆமீன்.