‘து’வா, ‘வூ’வா?

புதுச்சேரியில் என் வயதுக்காரர்களுக்கு பிரெஞ்சு முழுக்க அந்நிய மொழியும் இல்லை, சொந்த மொழியும் இல்லை. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே தெருப்பெயரெல்லாம் பிரெஞ்சு. போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி. ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்தின் முன்னால் வயதான சொல்தாக்கள் மார்பில் பதக்கங்களோடு நிற்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஆனால் வீட்டுக்குள் வந்துவிட்டால் தமிழ்தான்.

1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல் முடிந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். எங்கள் வீட்டில் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அப்படியிருந்தும் 1966-இல் உயர்நிலைப் பள்ளியில் சேர்த்தபோது அப்பா என்னை பிரெஞ்சு வகுப்பில்தான் உட்கார வைத்தார். “பத்திரமெல்லாம் பிரெஞ்சுல கிடக்கு. படிக்கறதுக்கு வீட்ல ஒருத்தன் வேணாமா?” என்பது அவர் கணக்கு.

எங்கள் பிரெஞ்சு ஆசிரியரும் தமிழர்தான். ஆனாலும் ‘சார்’ என்று கூப்பிட்டால் திரும்பமாட்டார், ‘முசியே’ என்றால்தான் திரும்புவார். மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்று அவர் சொன்னபோது வகுப்பே சிரித்தது. உயர்திணை, அஃறிணை என்று படித்து வந்தவர்களுக்கு மேசைக்கு எப்படிச் சேலை கட்டுவது? எண்கள் அதைவிட மோசம். எழுபது என்பது அறுபதும் பத்தும். எண்பது என்பது நான்கு இருபதுகள். தொண்ணூற்றொன்பது என்றால் நான்கு இருபது, பத்து, ஒன்பது. நாங்கள் முனகியபோது முசியே கேட்டார்: “உங்க தொண்ணூறு மட்டும் ஒழுங்கா? எழுபது, எண்பதுன்னு வந்துட்டு திடீர்னு நூறு எங்கேருந்து வந்துச்சு?” அதுவரை எங்களில் ஒருவருக்கும் அது தோன்றியதில்லை. வேற்று மொழி படிக்கப் போன இடத்தில்தான் எங்கள் தமிழை முதன்முதலாகத் திரும்பிப் பார்த்தோம்.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குச் சிரமமே இருக்கவில்லை. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே சொல். பிரெஞ்சில் நம்மைப் போல இரண்டு. ‘து’ என்றால் நீ, ‘வூ’ என்றால் நீங்கள்.

தெருவில் பிரெஞ்சு படிக்கும் பையன் என்று தெரிந்ததும் எனக்கு வேலை வந்துவிட்டது. எதிர்வீட்டு ஆயா ஒரு சொல்தாவின் விதவை. தாத்தா சைகோன் வரை போய் வந்தவர். அவர் இறந்த பின் குடும்ப பென்ஷன் ஆயாவுக்கு வந்துகொண்டிருந்தது. அதற்கான பிரெஞ்சுக் காகிதங்களைப் படித்துச் சொல்ல ஒரு கிழவர் இருந்தார். அவரும் காலமாகிவிட, அந்தப் பொறுப்பு பதினாலு வயதில் என் தலையில் விழுந்தது. ஆயா உயிரோடு இருக்கிறார் என்பதற்கு ஒரு சான்று அனுப்ப வேண்டும். அதைப் படித்துச் சொன்னால், “நான் இருக்கேன்னு நானே சொன்னா நம்பமாட்டானாமா?” என்பார்.

ஆயாவின் ஒரே மகன் பிரான்சில் பட்டாளத்தில் இருந்தார். அங்கேயே ஒரு பிரெஞ்சுப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டுவிட்டார். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து ஆயா மகனுக்குப் பதில் போடவில்லை. தமிழில் அவர் எழுதிய கடிதங்கள் ஒவ்வொன்றாக வந்து அரிசிப் பானைக்குப் பின்னால் சேர்ந்தன. மகன் பெயரை எடுத்தாலே பேச்சை மாற்றிவிடுவார்.

1969-இல் ஒருநாள் ஆயா கூப்பிட்டு அனுப்பினார். நீலமும் சிவப்பும் கரையிட்ட விமானத் தபால் உறை. உள்ளே பிரெஞ்சு. மருமகள் எழுதியது. ‘அன்புள்ள அம்மா’ என்று ஆரம்பித்திருந்தார். தான் கர்ப்பமாக இருப்பதையும், பிறக்கப்போகும் குழந்தைக்குப் பாட்டி வீட்டைப் பற்றிச் சொல்லத் தனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்பதையும் எழுதியிருந்தார். கடைசி வரி ‘ழ வூஸாம்ப்ராஸ்’. உங்களை முத்தமிட்டு அணைத்துக்கொள்கிறேன் என்று பொருள். அதை எப்படி ஆயாவிடம் வாய்விட்டுச் சொல்வது? “கட்டிக்கறேன்னு எழுதியிருக்காங்க ஆயா” என்று பாதியை மட்டும் சொன்னேன்.

ஆயா அதைக் காதில் வாங்கவே இல்லை. அவருக்கு வேறு கேள்வி இருந்தது.

“தம்பி, மருவாதியா எழுதியிருக்காளா? என்னை நீன்னு போட்டிருக்காளா, நீங்கன்னு போட்டிருக்காளா?”

“நீங்கன்னுதான் ஆயா.”

“எந்த எழுத்து அது? காட்டு.”

பென்சிலை எடுத்து ஒவ்வொரு ‘வூ’வுக்கும் அடியில் கோடு போட்டேன். எந்த மொழியும் படிக்கத் தெரியாத ஆயா விரலை வைத்து எண்ணினார். ஒன்பது இருந்தது. மறுபடியும் எண்ணினார். கடிதத்தை வாங்கி மடித்தார். அது பானைக்குப் பின்னால் போகவில்லை, சாமி படத்துக்குக் கீழே போனது.

இரண்டு நாள் கழித்துப் பதில் எழுதக் கூப்பிட்டார். மாசமாக இருப்பவள் என்ன சாப்பிட வேண்டும், எதைத் தூக்கக் கூடாது என்று நீளமாகச் சொன்னார். எனக்கு அந்தச் சொற்களில் பாதி தெரியாது. எழுதத் தொடங்குமுன் கேட்டேன்: “ஆயா, நீயா, நீங்களா? எதைப் போடட்டும்?”

கொஞ்ச நேரம் யோசித்தார். “நீன்னே போடு. நீங்கன்னா யாரோ எவரோன்னு ஆயிடும். பொண்ணுதானே.”

மறுநாள் முசியேயிடம் திருத்தக் கொடுத்தேன். வினைச்சொற்களில் சிவப்பு மை நிறையவே விழுந்தது. ‘து’வைப் பார்த்ததும் நிறுத்தினார். “முதல் கடிதாசிலேயே ‘து’வா? யார் சொன்னா?” நடந்ததைச் சொன்னேன். “அந்தம்மாவுக்கு இலக்கணம் தெரியுது” என்றார். அதில் கை வைக்கவில்லை.

1971-இல் மகனும் மருமகளும் குழந்தையோடு வந்தார்கள். வாசலில் மருமகள் குனிந்து ஆயாவின் கன்னத்தில் முத்தமிட்டபோது தெருவே வாய் பிளந்து பார்த்தது. ஆயா மட்டும் அசையாமல் நின்று, முதல் கன்னம் முடிந்ததும் மறு கன்னத்தையும் காட்டினார். இரண்டு கன்னத்திலும் கொடுப்பார்கள் என்று மகன் எழுதியிருந்தாராம். அந்த ஒரு மாதம் மருமகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தது நான்தான். நீ, நீங்கள் வித்தியாசம் ஒரே நாளில் பிடிபட்டுவிட்டது. சித்தப்பா, பெரியப்பா, மாமா என்று ஏன் இத்தனை என்பதுதான் கடைசிவரை விளங்கவில்லை. அவர்களுக்கு எல்லாருமே ‘ஓன்க்ள்’ ஒருவர்தான்.

இப்போது பிள்ளைகள் பிளஸ் டூவில் மதிப்பெண் நிறைய வரும் என்று பிரெஞ்சு எடுக்கிறார்கள். அதில் தவறில்லை. கூடவே யாருக்காவது ஒரு கடிதம் எழுதவும் படிக்கவும் வாய்ப்பு அமைந்தால் அந்த மொழி மறக்காது. நான் பிரான்சுக்குப் போனதில்லை. அப்பா நினைத்த பத்திரங்களை வாழ்நாளில் இரண்டு முறைதான் பிரித்துப் படித்தேன். ஆயா வீட்டுக் கடிதங்களை, அவர் இருந்தவரை, பதினோரு ஆண்டுகள் படித்தேன்.

புதுவை, காரைக்கால் நண்பர்களே, உங்கள் தெருவில் அந்தக் காலத்தில் கடிதம் படித்துச் சொன்னது யார்? நினைவிருந்தால் சொல்லுங்கள்.