நாலேமுக்கால் மில்லிமீட்டர்

ஹெரால்டின் முன்சக்கரம் எப்படிக் கழன்றது என்று யார் கேட்டாலும் என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. "லேத்துல துளையைச் சரியா எடுக்கலைங்க." கல்யாண மண்டபத்தில் சொல்லியிருக்கிறேன், டீக்கடையில் சொல்லியிருக்கிறேன், பழைய கார் வைத்திருப்பவர்கள் கூடிய இடத்திலெல்லாம் சொல்லியிருக்கிறேன். அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. துளை சரியில்லைதான். பக்கத்தில் நின்று அப்படித்தான் எடுக்க வேண்டும் என்று எடுக்க வைத்தவன் நான் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவேன்.

வேறு ஊர்க்காரன் செய்திருந்தால் அறியாமை என்று தள்ளிவிடலாம். நான் நாமக்கல்லில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் ஊரில் லாரிக்கு பாடி கட்டுவது வீட்டுத் தொழில் போல. கேஸ் டேங்கர், ரிக் வண்டி, டிரெய்லர் என்று ஓடுகிற எல்லாமே ஏதாவது ஒரு பட்டறை வாசலில் நிற்கும். என் மாமாவுக்கு லாரிகள் இருந்தன. பள்ளி விடுமுறையில் பட்டறைக்குப் போனால் கிளீனர் பையன்கள் செய்வதை வேடிக்கை பார்ப்பேன். டயர் கழற்றி மாட்டிய வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, நட்டுகளை மறுபடி இறுக்குவார்கள். தினமும் காலையில் சக்கரத்தைச் சுற்றி வந்து கண்ணாலேயே பார்ப்பார்கள். நட்டு தளர்ந்திருந்தால் அதன் அடியிலிருந்து மெல்லிய துருக்கோடு ஒன்று டிஸ்க்கின் மேல் வழிந்திருக்கும். அந்தக் கோட்டைப் பார்த்ததும் ஸ்பேனரை எடுக்க வேண்டும் என்பது மீசை முளைக்காத பையனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

கார் 1966 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, இரண்டு கதவு. சென்னைக்கு வெளியே வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1961 முதல் செய்த வண்டி. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுதான் மூலம். வடிவம் கொடுத்தவர் இத்தாலிக்காரர் ஜியோவான்னி மிக்கலோட்டி. இன்ஜின் 948 சி.சி. இதை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். ஆனால் இதே ஹெரால்டின் சட்டத்தைக் குட்டையாக்கி அதன் மேல்தான் 1962-ல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற அசல் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். இரண்டுக்கும் வடிவமைப்பாளர் ஒருவரே. பானட் முழுவதும், இரண்டு மட்கார்டுகளையும் சேர்த்து, முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். டயர் மேல் உட்கார்ந்து இன்ஜின் வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். வெளிநாட்டுக் கார் வாங்க வழியில்லாத அந்தக் காலத்தில் நம் பக்கத்துப் பையன்களுக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஆசை என்றால் கைக்கு எட்டியது இதுதான். எனக்கும் அந்த ஆசைதான், ஐம்பது வருடம் தாமதமாக.

வண்டியைச் சீர் செய்து கொடுத்தவர் சேலத்து மேஸ்திரி ஒருவர். ஹெரால்டின் முன்சக்கரம் திரும்பும் இடத்தில் பித்தளை நிறத்தில் ஒரு முட்டு இருக்கும், டிரன்னியன் என்பார்கள். அதற்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது, கெட்டியான கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் அடித்தால் உள்ளே ஈரம் தங்கி, மரை துருப்பிடித்து, ஒருநாள் சக்கரம் மடங்கிவிடும். இந்த வண்டியை வைத்திருப்பவர்களிலேயே பாதிப் பேருக்கு இது தெரியாது. மேஸ்திரி முதல் நாளே ஆயில் கேனைக் கையில் கொடுத்து, எங்கே விட வேண்டும் என்று என்னைக் குனியவைத்துக் காட்டினார். அவருடைய அறிவைப் பற்றி எனக்கு எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை. பின்னால் நான் செய்ததைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி தயாராகி வீட்டுக்கு வந்தது. அக்கா மகன் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லாருக்கு மாமா, வீல்தான் சைக்கிள் வீல் மாதிரி இருக்கு" என்றான். அவ்வளவுதான். பெட்ரோல் பங்கில் வயதானவர்கள் மட்டுமே அந்தக் காரைத் திரும்பிப் பார்க்கிறார்கள், இளவட்டங்கள் பார்ப்பதில்லை என்பது ஏற்கனவே எனக்கு உறுத்தல். பத்து நாளுக்குள் இந்தக் காலத்துக் கார்களுக்கு உரிய 13 அங்குல அலாய் வீல் நாலு, 175 அளவு டயரோடு வாங்கிவிட்டேன். பழைய சக்கரமும் 13 அங்குலம்தானே, மாட்டினால் ஆயிற்று என்பது என் கணக்கு.

ஆகவில்லை. சக்கரத்தின் நாலு துளைகளும் ஒரு வட்டத்தில் அமைந்திருக்கும். அந்த வட்டத்தின் குறுக்களவைப் பட்டறையில் பி.சி.டி. என்பார்கள். ஹெரால்டுக்கு அது மூன்றே முக்கால் அங்குலம், அதாவது 95.25 மில்லிமீட்டர். நான் வாங்கிய சக்கரத்துக்கு 100. வித்தியாசம் நாலேமுக்கால் மில்லிமீட்டர். ஒரு துளைக்குக் கணக்குப் பார்த்தால் இரண்டரைகூட இல்லை. கொஞ்சமும் பொருந்தாமல் இருந்திருந்தால் அன்றைக்கே திருப்பிக் கொடுத்திருப்பேன். நட்டு மாட்டும் ஸ்டட் துளைக்குள் பாதி எட்டிப் பார்க்கிறது. எட்டிப் பார்ப்பதை உள்ளே தள்ளிவிடலாம் என்றுதான் தோன்றும்.

"துளையைக் கொஞ்சம் உள்பக்கமா இழுத்துரலாமா மேஸ்திரி?" என்றேன்.

"வேண்டாமுங்க தம்பி. இழுத்தா நட்டு உக்கார்ற குழி போயிரும். பிளேட் ஒண்ணு கடைஞ்சு அடாப்டர் போடலாம், இல்லீனா இரும்பு டிஸ்க்கே இருக்கட்டுங்க."

அடாப்டர் போட்டால் சக்கரம் மட்கார்டுக்கு வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். பார்க்க நன்றாக இருக்காது. ஆக, நான் சொன்னது: "நீங்க இழுங்க மேஸ்திரி, நான் பாத்துக்கறேன்."

எதைப் பார்த்துக்கொள்வேன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

அவர் சொன்ன குழி என்ன என்பதைச் சொல்ல வேண்டும். நட்டின் அடிப்பக்கம் கூம்பாக இருக்கும், சக்கரத் துளையின் வாயும் அதற்கு ஏற்ற கூம்புக் குழி. இரண்டும் சுற்றிலும் படிந்து இறுகும்போது சக்கரம் ஹப்போடு அழுந்தி ஒட்டிக்கொள்கிறது. வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்டட் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டு முகங்களும் அழுந்துவதால் வரும் பிடிப்புதான் தாங்குகிறது. அந்த அழுத்தத்தைக் கொடுப்பது மட்டுமே ஸ்டட்டின் வேலை. துளையை நீளமாக இழுத்தால் குழி வட்டமாக இருக்காது. நட்டு இரண்டு இடத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். இறுக்கும்போது இறுகியது போலவே இருக்கும். ஓட ஓடத் தளரும். தளர்ந்த பிறகு சக்கரம் சுற்றுகிற ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்டட் ஒரு வளைவு வளைந்து நிமிரும். அந்த டயர் கிலோமீட்டருக்குச் சுமார் 550 சுற்று சுற்றும்.

போதாததற்கு, இந்தக் காலத்துச் சக்கரங்கள் ஹப்பிலிருந்து உள்பக்கமாக அதிகம் தள்ளி உட்காரும்படி செய்யப்பட்டவை. மாட்டிப் பார்த்தபோது உள்ளே உரசியது. ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு ஸ்பேசர் வைக்கச் சொன்னேன். அலாயின் தடிமனும் ஸ்பேசரும் சேர்ந்து ஸ்டட்டின் நீளத்தைத் தின்றுவிட்டன. ஹெரால்டின் ஸ்டட் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு, அதாவது ஒன்பதரை மில்லிமீட்டர் கனம். அங்குலத்துக்கு 24 மரை. ஸ்டட்டின் கனம் எவ்வளவோ அவ்வளவு ஆழமாவது நட்டு பிடிக்க வேண்டும் என்பது பட்டறைக் கணக்கு. அப்படியானால் ஒன்பது சுற்று. என் வண்டியில் ஐந்து சுற்றுகூடத் தேறவில்லை. மேஸ்திரி கையாலேயே நட்டைச் சுற்றிக் காட்டி, நின்றதும் என் முகத்தைப் பார்த்தார். நான் ஃபோனை எடுத்துப் படம் பிடித்தேன்.

பில்லில் அவர் வழக்கத்துக்கு மாறாக ஒரு வரி எழுதினார்: "பார்ட்டி சொன்னபடி துளை இழுத்தது." மடித்து டேஷ்போர்டில் வைத்தேன்.

வண்டி பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். சேலத்திலிருந்து நாமக்கல் வரும் வழியில் சக்கரம் கழன்ற அன்றைக்கு, சீலநாயக்கன்பட்டி தாண்டியதிலிருந்தே என் மனம் ஸ்டியரிங்கில் இல்லை, பக்கத்து வண்டிக்காரர்கள் பார்க்கிறார்களா என்பதில் இருந்தது. மல்லூரில் ஸ்டியரிங் நடுங்கியது. "மாமா, ஏதோ ஆடுதே" என்றான் அக்கா மகன். "ரோடு அப்படி" என்றேன். நாலுவழிச் சாலை, பளிங்கு மாதிரி கிடக்கிறது. ஆண்டகளூர் கேட் தாண்டியதும் நடுக்கம் நின்றது போல இருந்தது. புதுச்சத்திரம் பக்கம் டீ குடிக்கலாம் என்று சர்வீஸ் ரோட்டில் இறங்கினேன். வேகம் இல்லை. இடது முன்பக்கம் பொத்தென்று உட்கார்ந்தது. எங்களுக்கு முன்னால் எங்கள் சக்கரமே உருண்டு போனது.

ரோட்டோரம் ஒரு அம்மா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். சக்கரம் அவருக்கும் ஆட்டுக்கும் நடுவில் போய், குச்சிக்கிழங்குக் காட்டுக்குள் நுழைந்து நாலைந்து செடிகளைச் சாய்த்துவிட்டு விழுந்தது. அந்த அம்மா ஓடி வந்து, "அடி கிடி பட்டுச்சா சாமி?" என்று எங்களைக் கேட்டார். கேட்கவேண்டியவன் நான்.

பின்னால் வந்த லாரிக்காரர் இறங்கிக் குனிந்து பார்த்தார். இரண்டு ஸ்டட் ஒடிந்திருந்தன, மற்ற இரண்டில் மரை மழுங்கி நட்டையே காணோம். மற்ற சக்கரங்களையும் சுற்றிப் பார்த்துவிட்டு வலது பக்கத்தில் ஒரு இடத்தை விரலால் தொட்டார். புது அலாயின் மேல் நட்டுக்கு அடியில் மெல்லிய துருக்கோடு. "காலையில பாக்கலீங்களா?" என்றார். காலையில் துணியால் துடைத்தது நான்தான். அழுக்கு என்று துடைத்தேன்.

அங்கே நின்றுகொண்டே மேஸ்திரிக்கு ஃபோன் போட்டேன். பையனின் அப்பா, என் மச்சான், அதற்குள் வண்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பையனைச் சாகக் கொடுக்கப் பார்த்தாயே என்ற பார்வை. அவர் காதில் விழவேண்டும் என்பதற்காகவே சத்தம் போட்டேன். "என்ன வேலை பாத்திருக்கீங்க நீங்க?" மேஸ்திரி பஸ் ஏறி வந்தார். டிரம்மைப் பார்த்தார். நாலு பேர் முன்னால் நான் மறுபடி கத்தினேன். பில்லைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்து எண்ணி, "கூலியை வெச்சுக்கங்க தம்பி" என்றார். பில் இருந்த டேஷ்போர்டு எனக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. நான் பணத்தை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. என் கதையைக் கேட்ட ஒருவர் தன் ஃபியட்டை அவரிடமிருந்து எடுத்து வேறு பட்டறையில் விட்டார். நல்ல வேளை சொன்னீங்க என்று எனக்கு நன்றியும் சொன்னார். அதையும் வாங்கிக்கொண்டேன்.

பிறகு இரும்பு டிஸ்க் தேடி அலைந்தது தனிக் கூத்து. பழையதை எடைக்குப் போட்டிருந்தேன். கம்பெனி செய்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும், 50 வருடம் கடந்த வண்டிகளுக்கு 'வி.ஏ.' எழுத்தோடு பதிவு எண் கொடுக்க 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்ததும், அசல் வடிவம் கெடாமல் இருக்க வேண்டும் என்று அதில் நிபந்தனை இருப்பதும் அப்போதுதான் எனக்கு அக்கறைக்கு உரியதாயின. ஒரு வழியாக நாலு டிஸ்க் கிடைத்து மாட்டினேன். வண்டி இப்போது ஒழுங்காக ஓடுகிறது.

போன மாதம் மேஸ்திரியின் பட்டறைக்குப் போனேன். கண்பார்வை குறைந்து அவர் வீட்டோடு இருக்கிறார், மகன்தான் பார்த்துக்கொள்கிறான். உறையில் பணத்தை வைத்து நீட்டினேன். எதுக்குங்க என்றான். உண்மையைச் சொல்லத்தான் சேலம் வரைக்கும் போனேன். வாயில் வந்தது, "அப்பாவுக்குப் பழைய பாக்கி." அவன் நோட்டைப் புரட்டிப் பார்த்தான். "உங்க பேர்ல பாக்கி ஒண்ணும் இல்லீங்களேண்ணா. அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறனுங்க" என்று ஃபோனை எடுத்தான். வேண்டாம், நானே பேசிக்கொள்கிறேன் என்று தடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

இன்னும் பேசவில்லை. அது பாக்கி அல்ல, அவருடைய கூலி. துளையை இழுக்கச் சொன்னது நான். அவர் எழுதிய பில் என்னிடம்தான் இருக்கிறது. ஃபியட்டை எடுத்துப் போனவருக்கு அதன் படத்தை இன்று காலை அனுப்பிவிட்டேன். அவர் இன்னும் பதில் போடவில்லை.